வேண்டுதல் அரிசி

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: டபுள் இன்ஜின். புருஷன் ஒரு சம்பளம், பெண்டாட்டி ஒரு சம்பளம், இழுத்துக்கொண்டு போக ஒரே ஒரு பெண் குழந்தை. ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கிணறு, ஒரே வாசல். மற்ற வீடுகளில் எல்லாம் ஒற்றைச் சம்பளம். பெயர் வைத்தது முதல் போர்ஷனில் இருந்த வீட்டுக்காரம்மா. கேலியாகத்தான் வைத்தார். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாராவது அந்தப் பெயரை மறந்துபோனால் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு இன்ஜினும் ஒரே கம்பெனியில் ஓடின என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை. மகாபலிபுரத்திலிருந்து திருவிடந்தை போகும் சாலையில் ஓர் இறால் கம்பெனி. இறாலை உரித்து, ஐஸில் உறைய வைத்து, கப்பலில் அனுப்புவார்கள். என் கணவர் அங்கே ஸ்டோர் கிளார்க். நான் உரிக்கிற ஷெட்டில் எடை போடுகிறவள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஷெட்டில் குப்பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து உரிப்பார்கள். உரித்ததை அலுமினியப் பேசினில் கொண்டுவந்து என் தராசில் வைப்பார்கள். "தண்ணிய வடிச்சிட்டு வா" என்று நான் திருப்பி அனுப்புவேன். ஐஸ் தண்ணீரோடு எடை போட்டால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா? கம்பெனி என்னவோ என் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி!

அந்தக் கம்பெனி எழுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம் கதவைச் சாத்தியது. அனுப்பிய சரக்கு திரும்பி வந்துவிட்டது என்றார்கள், முதலாளிகளுக்குள் தகராறு என்றார்கள். கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. வேன் வராத முதல் நாள் காலையிலேயே வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டார்.

"இன்னாமா, இன்னிக்கு வண்டி வர்ல?"

"மெஷின் எல்லாம் கழட்டிப் போட்டிருக்காங்கம்மா. ரெண்டு மாசம் லீவு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "சம்பளத்தோட."

"சும்மா குந்திகினு சம்பளமா! குடுத்து வச்சவடி நீ" என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று இரவு என் கணவர் கேட்டார். வாடகைக்கு வேறு இருவர் வரிசையில் நிற்க, இரண்டு சம்பளம் என்பதால் எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் அந்த வாசலில் அத்தனை பேசியிருக்கிறேன். எதிர் போர்ஷன்காரி ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்டபோது, "மாசக் கடைசின்னா முன்னாடியே பாத்து வாங்கி வைக்கக் கூடாதா?" என்று உபதேசம் பண்ணினவள் நான். அந்த வாயை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?

செலவைக் குறைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குறைத்த ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, அதுதான் வித்தை. பாலை நிறுத்தினேன்: பால் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கிறதாம். பேப்பரை நிறுத்தினேன்: பேப்பர்க்காரன் தூக்கிப் போடுகிற லட்சணம் சரியில்லையாம். ரேடியோவை, அதற்கு அரசாங்க லைசென்ஸ் கட்டும் கெடு வருவதற்குள் விற்றோம்: ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். அவருடைய சைக்கிளும் அதே ரிப்பேர்க் கடைக்குத்தான் போயிற்று. நல்லெண்ணெயைச் சின்ன மருந்து பாட்டிலில் வாங்கினேன், அதுவும் நம் தெருக் கடையில் இல்லை, ரயில்வே கேட்டைத் தாண்டி. ஆனால் கடுகு தாளிப்பதை மட்டும் விடவில்லை. அடுப்பில் கேழ்வரகுக் களிதான் கிண்டியிருப்பேன். ஒரு சொட்டு எண்ணெயில் நாலு கடுகைப் போட்டு வெடிக்கவிடுவேன், வாசல் வரை மணக்கட்டும் என்று. அந்த ஒரு சொட்டு எண்ணெயும் சாப்பாட்டுக்கு இல்லை, மற்றவர்கள் மூக்குக்கு!

அவர் தினமும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வேலை தேடிப் போனார். கூடுவாஞ்சேரியில் ஓர் அரிசி ஆலை, திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஜவுளிக் கடை என்று கேட்டுப் பார்த்தார். எங்கும் ஆகவில்லை. பாதி நாள் கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார் என்பது அவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்.

ஆடி பிறப்பதற்குள் என் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு நடமாடினேன். எத்தனை நாள் மூட முடியும்? கிணற்றடியில் குனிந்து துணி அலசும்போது வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாமா கயிறு தொங்குது? செயின் எங்க?"

"வேண்டுதல்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை.

"எந்த ஆத்தாளுக்கு?"

"மாரியம்மனுக்கு. அவருக்குக் கம்பெனியில ப்ரமோஷன் வரணும்னு. ஒரு வருஷத்துக்குக் கயிறுதான்."

"கூழு ஊத்துறேன்னும் வேண்டிக்கினியா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "ஆமாம்மா" என்றேன்.

அவர் கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டார். "அப்ப மடிப்பிச்சை எடுக்கணுமே! கோடி கோடியா வச்சிருந்தாலும் ஆத்தா கூழுக்கு நாலு வூட்ல பிச்சை எடுத்துதான் ஊத்தணும். போ, போய் மஞ்சத் துணி கட்டிகினு வா. மொதப் படி என்து."

அது உண்மைதான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டவள் எவ்வளவு பெரிய வீட்டுக்காரியாக இருந்தாலும், மஞ்சள் புடவை கட்டி, செருப்பில்லாமல், முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். கர்வம் போகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அப்படி விழுகிற அரிசியும் கேழ்வரகும் அம்மனுடையது. கூழ் ஊற்றும் நாள் வரை அதில் ஒரு மணியைக்கூட வீட்டுக்கென்று எடுக்கக் கூடாது.

பழைய வெள்ளைப் புடவை ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஏய், எல்லாம் வாங்கடி! டபுள் இன்ஜினே பிச்சைக்கு வந்துகீது!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு கதவிலும் போய் நின்று "அம்மனுக்கு மடிப்பிச்சை" என்றேன். சர்க்கரை கேட்டுத் திட்டு வாங்கின எதிர் போர்ஷன்காரி அரிசியைக் கொட்டிவிட்டு என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மடிப்பிச்சைக்காரியின் காலைத் தொடுவதும் வழக்கம்தான். எனக்கு உள்ளங்கால் கூசியது. அன்று எங்கள் வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது என்பது அங்கே சிரித்த யாருக்கும் தெரியாது.

புது மண்பானையில் அரிசியைக் கொட்டி, வாயில் மஞ்சள் துணி கட்டி, சாமி படத்தின் முன்னால் வைத்தேன். எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு கவலை. ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூழ் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் அம்மன் தண்டிப்பாளோ இல்லையோ, வாசல் தண்டித்துவிடும். வேண்டுதலும் பொய், லீவும் பொய், சம்பளமும் பொய் என்று ஒரே நொடியில் வெளுத்துவிடும்.

மூன்றாம் நாள் வீட்டில் களிக்கும் மாவு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. பசிக்கிறது என்று அழுதிருந்தால்கூட நான் இரண்டு அடி வைத்துச் சமாளித்திருப்பேன். அவள் அப்படிப் பேசாமல் படுத்ததை என்னால் தாங்க முடியவில்லை. பானையின் துணியை அவிழ்த்தேன். ஒரு டம்ளர் மட்டும், அம்மனிடம் கைமாற்று, வேலை கிடைத்ததும் இரண்டாகத் திருப்பித் தருகிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தட்டில் சோற்றைப் பார்த்ததும் மகளுக்கு முகம் எல்லாம் பல். "ஏதும்மா அரிசி?"

"வேண்டுதல் அரிசி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன்.

"வேண்டுதல்னா சோறு போடுவாங்களா?"

"சாப்பிடுடி பேசாம."

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பல வீட்டு அரிசி ஒன்றாக வேகாது. ஒரு வீட்டில் பச்சரிசி போட்டிருந்தார்கள், ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் ரேஷன் கடை மொத்தை அரிசி. ஒன்று குழைந்து கஞ்சியாகிக் கிடக்கும்போது மற்றது நடுவில் கல்லாக நிற்கும். அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. சாமி படத்தின் முன்னால் இருந்த பானையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னை. நான் மோர் இல்லாத மோர்ப் பாத்திரத்தை எதற்கோ துழாவிக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எழுந்து கை கழுவப் போனவர் கிணற்றடியிலிருந்து வெகுநேரம் வரவில்லை. அவர் தட்டைத் தூக்கி எறிந்து கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு டம்ளர் என்பது தினம் ஒரு டம்ளர் ஆயிற்று. கைமாற்று என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். ஆடி மூன்றாம் வாரத்தில் பானைக்குள் கையை விட்டால் அடிமண்ணின் குளிர்ச்சி தட்டுப்பட்டது. அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரம்மா பெரிய குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கதவோரம் வைத்தார். "கூழுக்கு இத்த எடுத்துக்கோ. கருவாட்டுக் கொழம்பு நான் வச்சிட்றேன். வெங்காயம் எதிர் வூட்டுக்காரி. நீ கூழ மட்டும் பாத்துக்கோ."

வாசலில் இனிக் கேட்க வீடு இல்லை, பக்கத்துத் தெருவில் கேட்டால் வீட்டுக்காரம்மா காதுக்கு வந்துவிடும். தூரமாகப் போய்த்தான் எடுக்க வேண்டும், என்னைத் தெரியாத இடத்தில். பாக்கிச் சம்பளம் கேட்பதற்காகக் கம்பெனி வாசலில் ஒருநாள் மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் கூடுவதாக இருந்தது. அதற்குப் போகிற பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். மஞ்சள் புடவையைப் பையில் சுருட்டி வைத்திருந்தேன். அவர் கம்பெனி கேட்டுக்குப் போனார். நான் பூட்டிக்கிடந்த ஒரு பெட்டிக்கடையின் பின்னால் கட்டியிருந்த புடவை மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு, சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குப்பத்தை நோக்கி மணலில் நடந்தேன்.

ஷெட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாம் மகாபலிபுரத்துக்குத் தெற்கே இருந்து வருகிறார்கள் என்று நான் எதைக் கொண்டு முடிவு பண்ணினேனோ! ஆறு வருஷம் அவர்கள் பேசினை எடை போட்டிருக்கிறேன். நீ எந்தக் குப்பம் என்று ஒருத்தியைக்கூடக் கேட்டதில்லை.

நாலு வீடு நல்லபடியாகப் போயிற்று. ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்துக் கிடந்தது, கட்டுமரம் எல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கே பஞ்ச காலம். ஆனாலும் அம்மன் பேரைச் சொன்னதும் ஒருவரும் வெறுங்கையைக் காட்டவில்லை. ஐந்தாவது குடிசையில் தலையைக் குனிந்தபடியே "அம்மனுக்கு மடிப்பிச்சை" என்றேன்.

"சூப்பரேசரம்மாவா?"

நிமிர்ந்தேன். தராசுக்காரியைச் சூப்பர்வைசர் என்று கூப்பிடுவது ஷெட்டில் மட்டும்தான். என் ஷெட்டில் உரித்தவள்தான். என் வயதுக்காரி, எல்லோரையும்விட வேகமான கை. அந்தக் கை நிரப்பிய பேசினைத்தான் நான் அதிகம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மடியில் அரிசியோடு மணலில் எங்கே ஓடுவது?

"இன்னாமா இது, மஞ்சத் துணி கட்டிகினு இம்மாந் தூரம்?"

"வேண்டுதல்" என்றேன்.

அவள் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தாள். தோளில் தொங்கிய காலிப் பையைப் பார்த்தாள். பக்கத்துக் குடிசைப் பெண்களும் இரண்டு பேர் வந்து நின்றார்கள், அவர்களும் ஷெட்டில் வேலை செய்தவர்கள்தான். "ரெண்டு பேருக்குமே பூடுச்சில்ல வேல? உன் வூட்டுக்காரும் அங்கதான?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கம்பெனி மூடியது அவர்களுக்குத் தெரியாதா? அவர்களிடம் சொல்ல என்னிடம் பொய்யே இல்லை.

அவள் உள்ளே போனாள். படியில் அரிசி அளந்து கொண்டுவந்து மடியில் போட்டாள். "இது ஆத்தாளுக்கு." மறுபடி உள்ளே போனாள். மறுபடி அளந்து வந்தாள். இந்தத் தடவை படியில் கூம்பாக ஏற்றி, தலை தட்டாமல் கொண்டுவந்தாள். என் தோளிலிருந்த பையை அவளே இழுத்து வாயை விரித்து அதில் கொட்டினாள்.

"இது உன் வூட்டுக்கு. ரெண்டயும் கலந்துடாத."

அவள் குரலில் குத்தலே இல்லை. குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நின்ற பெண்களும் போய் அரிசியும் கேழ்வரகுமாக ஆளுக்கொரு பங்கு கொண்டுவந்தார்கள், அவர்களும் அப்படியே, மடியில் கொஞ்சம் பையில் கொஞ்சம். மடிப்பிச்சைக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. பையில் விழுந்ததற்குச் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "கம்பெனியில ஒண்ணும் தேறல. இது?" என்றார். "நம்ம வீட்டுக்கு" என்றேன். அன்றிலிருந்து பானையை நான் தொடவில்லை. பையில் இருந்ததை வைத்து, ஒரு வேளைச் சோறு ஒரு வேளை கஞ்சி என்று கடைசி ஞாயிறு வரை இழுத்துப் பிடித்தேன்.

கூழ் நன்றாகவே வந்தது. நொய்யும் கேழ்வரகு மாவும் முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சினேன். வேப்பிலை கட்டின குண்டானை வாசலில் இறக்கியதும் சொம்பும் தூக்கும் எடுத்துக்கொண்டு ஐந்து வீடும், பக்கத்துச் சந்தும் வந்து நின்றது. வீட்டுக்காரம்மா கருவாட்டுக் குழம்பைப் பரிமாறினார். "டபுள் இன்ஜின் கூழு, தெம்பா குடிங்கடி" என்று அதட்டல் வேறு. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த மாதம் முழுக்க நான் அவ்வளவு லேசாக மூச்சு விட்டதில்லை.

மகள் தட்டோடு வந்தாள். குடித்தாள். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவையும் வந்தபோது நான் கண்ணால் மிரட்டினேன். "குழந்தைய இன்னாத்துக்கு மொறைக்கிற? ஊத்துமா" என்றார் வீட்டுக்காரம்மா. ஊற்றினேன். அவள் அங்கேயே குந்தி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அடியை நக்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசல் முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு, என்னை மாதிரியே.

"அம்மா, நாளைக்கும் நமக்கு வேண்டுதலா? இல்ல, நாளைக்குப் பட்டினியா?"

எதிர் போர்ஷன்காரி தூக்கை வாயருகில் கொண்டுபோனபடியே நின்றாள். என் கணவர் கதவோரம் நின்றிருந்தார், மெதுவாக உள்ளே போய்விட்டார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று சொல்வார்களே, எனக்கு அது கூடப் போதாது என்று இருந்தது.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். ரேடியோ இருந்த இடம், சைக்கிள் நின்ற இடம் எல்லாம் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்துபோவது எனக்குத் தெரிந்தது. பிறகு குனிந்து மகளின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நாளைக்கு எங்க வூட்டு வேண்டுதல்டி கண்ணு. தட்டு எடுத்துகினு வந்துடு." அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா மரமாட்டம் நிக்கிற? ஊத்து. கூழு ஆறுது."

ஊற்றினேன். கடைசிச் சொம்பு வரை குண்டானைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்த வாசலில் அதற்குப் பிறகு எங்களை டபுள் இன்ஜின் என்று யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் பையைப் போட்டுவிட்டு, அடுக்கிலிருந்து தன் தட்டை எடுத்தாள். போகட்டுமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு கதவை விட்டு விலகி அவளுக்கு வழிவிட்டேன்.